கையெழுத்துக்குக் காத்திருந்த கட்டிகள்

எங்கள் கட்டடத்தில் மீட்டரம்மா என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. மூன்றாம் மாடியில் புற்றுநோய் ஆய்வுக்கூடம், அதன் கோடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அறைக்குள் தையல் மிஷினைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் இயந்திரம். அதன் முன்னால் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஏசி எப்போதும் முதுகில் அடிப்பதால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது ஆரம்பித்தால், "மாதிரி வர்ற நேரமாச்சு" என்று எழுந்து போய்விடுவார்.

நான் தரைத்தளத்து அச்சு அறைக்காரன். இந்தக் கட்டடத்தில் யார் எதைக் கண்டுபிடித்தாலும் அது சுவரொட்டியாக என் மிஷினில் வந்தாக வேண்டும். ஆகவே இங்கே நடக்கும் அறிவியலில் நான் பார்க்காதது எதுவும் இல்லை. புரிந்தது எதுவும் இல்லை. மீட்டரம்மா என்னை 'அச்சு' என்று கூப்பிடுவார். டீ நேரத்தில் கீழே வந்து, என் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, மாடியில் யாரிடமும் சொல்ல முடியாததை என்னிடம் சொல்வார். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது பாதி, அந்தக் காகிதக் கட்டிலிருந்து கேட்டது பாதி.

அவருடைய வேலை இதுதான். கீழே ஆஸ்பத்திரி அறுவை அரங்கில் ஒரு பெண்ணின் மார்பிலிருந்து கட்டியை அறுத்து எடுக்கிறார்கள். வைத்தியத்துக்கு வேண்டியது போக, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, பருப்பளவு துண்டு ஒன்று ஐஸ் பெட்டியில் மாடிக்கு வரும். மீட்டரம்மா அதை மெல்லிசாகச் சீவி, குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள தட்டில் போட்டு, இயந்திரத்துக்குள் தள்ளுவார். இயந்திரம் சொல்வது இரண்டே விஷயம்: இந்தத் துண்டு எவ்வளவு ஆக்சிஜனை இழுத்தது, எவ்வளவு அமிலத்தைக் கக்கியது. அமிலம் அதிகமென்றால் அந்தக் கட்டி சர்க்கரையை அள்ளி அள்ளி அரைகுறையாக மென்று துப்புகிறது. ஆக்சிஜன் அதிகமென்றால் நிதானமாக, கிடைத்ததை முழுசாக எரித்துப் பிழைக்கிறது. அதிலும் சில கட்டிகள் சர்க்கரையைச் சட்டையே செய்யாமல் கொழுப்பில் குடித்தனம் நடத்தும். கொழுப்புக்குப் போகும் வழியை ஒரு மருந்தால் அடைத்தால் மூச்சு இறங்கிவிடும். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவரைப் போலத்தான். அப்படித்தான் அந்தப் பெயரும் வந்தது.

ஒரு வருடத்தில் நாற்பத்தொரு கட்டிகளை அளந்தார். நாற்பத்தொரு புள்ளிகளோடு ஒரு வரைபடம் என்னிடம் அச்சுக்கு வந்தது. புள்ளிகள் காகிதம் முழுக்க இறைந்து கிடந்தன. அமிலம் கக்கியவை இருபத்துமூன்று. ஆக்சிஜனில் வாழ்ந்தவை பதினொன்று. கொழுப்புக்காரர்கள் ஏழு.

ஆய்வுக்கூடத்துத் தலைவரான பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாராம். அவருக்கு ஒரு வரியில் சொல்லக்கூடிய உண்மைதான் பிடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வரிவரை பொறுப்பார். இங்கே கட்டிகள் ஆளுக்கொரு வழியில் சமையல் செய்தால் மேடையில் எப்படிப் பேசுவது?

"இந்தப் பதினெட்டும் ஒழுங்கீனமான புள்ளிகள். சீவும்போது கை நடுங்கியிருக்கும்" என்றார்.

பத்தொன்பது வருடமாக நடுங்காத கை. "சரி சார்" என்றது அந்தக் கைக்குச் சொந்தமான வாய். அதைப் பிற்பாடு என்னிடம் சொன்னபோது, "எனக்கு எதுக்கு வம்பு, அச்சு?" என்றார். நானும் தலையாட்டினேன். இருபத்துமூன்று புள்ளிகளோடு புதுப் படம் வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பானதைப் பளபளப்புத் தாளில் அச்சடித்துக் கொடுத்தவன் நான்தான்.

அடுத்து சொற்பொழிவு. 'சர்க்கரையை நிறுத்து, புற்றைப் பட்டினி போடு' என்று தலைப்பு. சுவரொட்டியில் வெல்லக்கட்டி அளவுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி. அதற்கு இரண்டு கொம்பு, கோரைப்பல். கொம்பு இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கலாம் என்று என்னிடமே யோசனை கேட்டார்கள். நான் வளைத்துக் கொடுத்தேன். இருநூறு பிரதி. சொற்பொழிவு வீடியோவாகி ஊரெல்லாம் போன்களில் சுற்றியது. சுற்றிக்கொண்டே போய், மீட்டரம்மா குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்திலேயே போய் விழுந்தது.

கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் அவருடைய அக்காவும் அத்தானும். அக்கா பள்ளிச் சீருடை தைப்பவர். அத்தான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், காரணம் என்ன என்று முப்பது வருடமாகக் கட்டம் போட்ட தாளில் எழுதுகிறவர். கையெழுத்து இல்லாத தாளைக் குப்பை என்றுதான் நினைப்பார். பால் பாக்கெட் போடுகிறவரிடம்கூட மாதக் கடைசியில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்.

அக்காவுக்கு மார்பில் கட்டி. வீடியோ வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் அதை அறுத்து எடுத்திருந்தார்கள். இனி மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி போட வேண்டும். ஊசி வார்டு நர்ஸ் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "நல்லா சாப்பிடுங்க. முட்டை, பால், பழம், எது எறங்குதோ அதை. எடை குறையவே கூடாது." பாவம், நர்ஸிடம் வீடியோ இல்லை, கொம்பு வைத்த படமும் இல்லை. சும்மா இருபத்தைந்து வருட அனுபவம் மட்டும் இருந்தது. அதை யார் மதிப்பார்கள்?

அத்தான் வீடியோவை நான்கு தடவை பார்த்தார். ஐந்தாம் தடவை நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தார். மறுநாள் வீட்டிலிருந்து சர்க்கரை டப்பா வெளியேறியது. அந்த வாரத்திலேயே பழம் போனது, அதிலும் சர்க்கரை இருக்கிறதாம். அடுத்து ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு. எல்லாம் உள்ளே போய்ச் சர்க்கரையாக மாறுகிற வேஷக்காரர்கள். பால் இனிக்கிறது என்பதால் பாலும் சந்தேகக் கேஸ். வேகவைத்த கீரை, வெள்ளரி, அரை முட்டை. மிச்ச அரை முட்டையை ஏன் விட்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்னிடமிருந்து மீட்டரம்மாவுக்குத் தெரியாமல் எப்படியோ ஒரு சுவரொட்டி அந்த வீட்டுக்குப் போய், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டது. திறக்கப் போகிறவரைக் கொம்பு வைத்த சர்க்கரை முறைக்கும்.

அத்தானை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவிக்கு இல்லாத இனிப்பு தனக்கு எதற்கு என்று அவரும் அதையே சாப்பிட்டார். டிப்போவில் இரண்டு தடவை தலை சுற்றி உட்கார்ந்தார். பயத்தில் மனிதன் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். அவர் ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டார்.

மீட்டரம்மா சொல்லாமல் இல்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்னார்.

"அத்தான், அந்த வீடியோல வர்ற படம் நான் போட்டது. அதுல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் நான் வெச்சது."

"வெச்சது நீ. புரிஞ்சது அவருக்கு. அவர் பேராசிரியர்ம்மா. நீ மிஷின் பாக்கறவ."

"கட்டி எல்லாமே ஒரே மாதிரி இல்ல அத்தான். சிலது சர்க்கரையத் தேடும், சிலது தேடாது."

"தேடுதோ இல்லையோ, நாம ஏன் சான்ஸ் குடுக்கணும்?"

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். இது உள்ளூர்கூட இல்லை, அதே வீட்டு மாடு, மாடியில் கட்டியிருக்கிற மாடு. அது என்ன விலை போகும்? உறவுக்காரர்கள் போன் போட்டு அத்தானைப் பாராட்டினார்கள். ஒருவர் கீரையிலும் கொஞ்சம் சர்க்கரை இருப்பதாகக் கேள்வி என்று எச்சரித்தார்.

அக்காவை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்கு ஊசி முடிந்திருந்தது. முடி போயிருந்தது. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவர் நாற்பத்துமூன்றுக்கு வந்திருந்தார். எடை மிஷினே அவருக்குத் தேவைப்படவில்லை. தையல்காரர் அல்லவா, தன் சட்டைகளை வாரா வாரம் பக்கத்தில் பிடித்துத் தைப்பார். "இந்த வாரம் ஒரு விரல்" என்று தங்கையிடம் சொல்வார், வானிலை சொல்வதைப் போல.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் மீட்டரம்மாவைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டார்.

"உங்க அக்காவுக்கு வர்ற வியாழன் அஞ்சாவது ஊசி. ரத்தமும் சரியில்ல, எடையும் சரியில்ல. இன்னும் ஒரு கிலோ எறங்கினா ஊசி போட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தள்ளிப் போயிட்டே இருந்தா இதுவரைக்கும் போட்டதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும். என்னதான் சாப்பிடறாங்க அவங்க?"

"கீரை" என்றார் மீட்டரம்மா. நர்ஸ் அவரைப் பார்த்த பார்வையை அவரால் அன்று முழுக்க மறக்க முடியவில்லை.

அன்று டீ நேரத்தில் கீழே வந்தபோது கையில் டீ இல்லை; மாடியிலிருந்து ஒரு பெரிய ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஐஸ் பெட்டி வரவு ரிஜிஸ்டர்: எந்தப் பெட்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு உள்ளே போனது என்று. காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, இதுவரை என்னிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

இங்கே நம் ஆய்வுக்கூடத்துச் சட்டம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டி வந்தால் நேராக உள்ளே போகாது. முன்னால் கவுண்டரில் நிற்கும். பேராசிரியர் தன் கைப்பட வரவுச் சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் யாரும் மூடியைத் திறக்கலாம். "மாதிரிகள் என் குழந்தைகள்" என்பார். அவர் அறையில் இருந்தால் கையெழுத்து ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். மீட்டிங்கில் இருந்தால் குழந்தைகள் கவுண்டரில் கிடக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. பெட்டி தூக்கி வருகிற பெரியவர் ஒருநாள், "சார், இது கெட்டுப் போயிடாதா?" என்று கேட்டதற்கு, தரக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று அவருக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தாராம். அந்த அரை மணியும் பெட்டி கவுண்டரிலேயே இருந்தது.

அக்காவுக்கு அறுவை நடந்த அன்று மீட்டரம்மா லீவு போட்டு அரங்குக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து, பெரியவர் பெட்டியோடு வந்தார். அன்று அரங்கில் ஒரே ஒரு அறுவைதான். பெட்டியில் என்ன இருக்கிறது என்று மீட்டரம்மாவுக்குச் சொல்லவேண்டியதில்லை. பேராசிரியருக்கோ அன்று முழுநாள் மீட்டிங்.

"எனக்கு என்ன தோணுச்சுன்னு தெரியல, அச்சு. அது எங்க அக்காவோடது. அது போய் கவுண்டர்ல நிக்கறதான்னு ஒரு கோபம். பெரியவர் கையிலேருந்து வாங்கிட்டேன். படியேறி ஓடினேன். பதினொரு நிமிஷம். கையெழுத்து கிடையாது, ஒண்ணும் கிடையாது. சீவி, மிஷின்ல போட்டுட்டு, திரும்ப வந்து பெஞ்சுல உக்காந்துட்டேன்."

அதுதான் முப்பத்தெட்டாம் மாதிரி. ஆக்சிஜனை இழுத்து இழுத்து அமைதியாக வாழ்ந்த கட்டி. சர்க்கரையைப் பேருக்குத் தொட்டது. பேராசிரியர் தூக்கி எறிந்த பதினெட்டில் அதுவும் ஒன்று. அதற்கு மட்டும் 'கையெழுத்து இல்லாததால் செல்லாது' என்று தனியாகக் குறிப்பு வேறு.

"சரி, அதுல என்ன?" என்றேன்.

"மீட்டிங் நாள்ல வந்த கட்டியில மூச்சு விட்டது இது ஒண்ணுதான். மத்த நாள்ல விதவிதமா வருது. மீட்டிங் நாள்ல மட்டும் எல்லாமே அமிலம். ஏன்?"

எனக்கு உறைக்க நேரமாயிற்று. ரத்த ஓட்டம் இல்லாமல் கிடக்கும் சதையில் முதலில் சோர்ந்து போவது ஆக்சிஜனை எரிக்கும் பகுதிதானாம். இரண்டு மணி நேரம் கவுண்டரில் கிடந்த துண்டை மிஷினில் போட்டால், மூச்சு அடங்கி, அமிலம் மட்டும் மிஞ்சித் தெரியும். அது கட்டியின் குணம் இல்லை. நின்ற களைப்பு.

இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவை பதினேழு. பதினேழும் அமிலம். சீக்கிரம் உள்ளே போனவை இருபத்துநாலு. அதில் நிஜமாகவே சர்க்கரையை விழுங்கியவை ஆறு. மீதி பதினெட்டும் பேராசிரியர் எறிந்த அந்தப் பதினெட்டு. அதாவது, கட்டிகளின் சர்க்கரை ஆசை பேராசிரியரின் மீட்டிங்குகளுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கியிருந்தது. கெட்டுப்போனதை வைத்துக்கொண்டு நல்லதை எறிந்திருக்கிறார், அதுவும் தரக் கட்டுப்பாட்டின் பெயரால். அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு தையல்காரர் மூன்று மாதமாகக் கீரை தின்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மீட்டரம்மா சிரிக்கவில்லை. "அந்தப் பதினெட்டையும் எடுத்தப்ப நான் வாயத் திறந்திருக்கணும்" என்றார். பிறகு ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதை காப்பி எடுத்துக் குடு" என்றார். நாற்பத்தொரு வரிகளையும் எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிறு மதியம் அதைக் கொண்டுபோய் அத்தானின் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். அக்கா ஜன்னலோரம் தையல் மிஷினில் இருந்தார். தன் சட்டையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தான் முன்னால் வெள்ளரித் துண்டுகள்.

"படம் கிடம் எல்லாம் எனக்கு வேண்டாம்மா. பேசிப் பேசி அலுத்துப் போச்சு" என்றார் அத்தான்.

"படம் இல்ல அத்தான். டைம் ஷீட்டு."

அத்தானின் கை தானாக மூக்குக்கண்ணாடியைத் தேடியது. முப்பது வருடப் பழக்கம், கட்டம் போட்ட தாளைக் கண்டால் சும்மா இருக்காது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சில் வெளியே வந்தது. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வாசித்தார்.

"பத்து நாப்பதுக்குப் பொறப்பட்டிருக்கு. பத்து நாப்பத்தஞ்சுக்குக் கவுண்டர். பன்னெண்டு அம்பதுக்குத்தான் உள்ள போயிருக்கு. நடுவுல ரெண்டு மணி அஞ்சு நிமிஷம் எங்க போச்சு? காரணம் எழுதலையே?"

"கையெழுத்துக்கு நின்னுச்சு அத்தான்."

"கையெழுத்து வேணும்தான். கையெழுத்து இல்லாம எப்படி உள்ள விடுவாங்க?" அடுத்த வரிக்குப் போனார். அதற்கடுத்த வரிக்கும். ஓரத்தில் மீட்டரம்மா எழுதியிருந்த 'அமிலம்', 'ஆக்சிஜன்', 'கொழுப்பு' என்ற வார்த்தைகளின்மேல் பென்சில் நின்றது. "இது என்ன?"

"உள்ள போனப்புறம் மிஷின் சொன்னது."

பென்சில் மேலும் கீழும் போனது. பதினேழு இடத்தில் சுழித்தது. அத்தானின் முகம் சிவந்துகொண்டே வந்தது. அது என்ன கோபம் என்று எனக்குப் புரிகிறது. கடவுளைப் பழித்தால்கூடப் பொறுப்பார், டைம் ஷீட்டில் கை வைத்தால் பொறுக்கமாட்டார்.

"வண்டி மேல தப்பே இல்ல!" என்று மேஜையில் அடித்தார். "கேட்டுல நிறுத்தி வெச்சுட்டு, வண்டி மட்டம்னு எழுதியிருக்கான். நேரத்துக்கு வந்த இருபத்துநாலு வண்டியில ஆறுதான் சர்க்கரை ரூட்டு. மிச்ச பதினெட்டு ரூட்டையே கேன்சல் பண்ணிட்டு மைக்கைப் புடிச்சிருக்கான். எங்க டிப்போவுல இதைப் பண்ணினா அன்னிக்கே சஸ்பெண்டு!"

பேராசிரியருக்கு ஒரு வருடத்தில் பிடிபடாதது டைம்கீப்பருக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. அடுத்த நொடியே அவர் முகம் வெளுத்தது. கோபப்பட்ட மனிதன், தான் யாரை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டான் போல. பென்சிலைக் கீழே வைத்தார்.

தையல் மிஷின் நின்றிருந்தது.

"இதுல என்னோடது இருக்கா?" என்று கேட்டார் அக்கா.

மீட்டரம்மா முப்பத்தெட்டாம் வரியில் விரலை வைத்தார். அக்கா எழுந்து வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து படித்தார்.

"ஆக்சிஜன்னு போட்டிருக்கே. அப்ப அது உள்ள இருந்தப்பவே சர்க்கரைய தொடலயா?"

"பெருசா தொடலக்கா. தொட்டிருந்தாலும் ஒண்ணுதான். நீ வாயில சர்க்கரை போடலேன்னா ஈரலே செஞ்சுக்கும். உன் சதையக் கரைச்சுச் செய்யும். எந்தக் கட்டியா இருந்தாலும் நீ சாப்பிட்டே ஆகணும். நர்ஸ் முதல் நாள் சொன்னதுதான் கணக்கு."

அக்கா மேஜையிலிருந்து நிமிர்ந்தார்.

"அது வெளிய போயே நாலு மாசம் ஆச்சு. இருந்தப்பவும் அது பட்டினி கிடக்கல." தன் சட்டையின் பக்கத்து மடிப்பை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "அப்ப பட்டினி கிடந்தது நான் மட்டும்தானா?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அத்தான் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனைக் கடைக்குப் போனார். ஒரு கிலோ சர்க்கரை, ரொட்டி, பால், வாழைப்பழம், ஒரு டஜன் முட்டை. திரும்பி வந்து, ஃபிரிட்ஜ் கதவில் முறைத்துக்கொண்டிருந்த கொம்புச் சர்க்கரையை உரித்தெடுத்தார். டீ போட்டார். சர்க்கரை அடுப்படியெல்லாம் கொட்டியது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிப்பு பத்தல" என்றார். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். மீட்டரம்மாவும் அழுதார். அதை என்னிடம் சொல்லும்போது மறுபடியும் அழுதார். நான் காகிதம் எண்ணுவதுபோல் பாவனை செய்தேன்.

வியாழக்கிழமை எடை நாற்பத்துமூன்றே முக்கால். ரத்தமும் தப்பித்தது. ஐந்தாவது ஊசி போட்டார்கள். நர்ஸ், "இப்ப என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாம்" என்றாராம் அக்கா.

பேராசிரியர் கதையையும் முடித்துவிடுகிறேன். திங்களன்றே மீட்டரம்மா ரிஜிஸ்டரை அவர் மேஜையில் வைத்தார். குரல் நடுங்கவில்லை என்றார், நான் நம்புகிறேன்.

"சார், உங்க கையெழுத்துக்கு நின்ன நேரம்தான் சார் அமிலமா தெரியுது. முப்பத்தெட்டை நான்தான் கையெழுத்து இல்லாம உள்ள கொண்டு போனேன். நடவடிக்கை எடுக்கறதுன்னா எடுங்க."

பேராசிரியர் வெகுநேரம் புரட்டினார். கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "இதை வேற யார் பார்த்தாங்க?"

"ஒரு பஸ் டிப்போ டைம்கீப்பர் பார்த்தார் சார்."

இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது: தரத்தை மேலும் உயர்த்தும் பொருட்டு, மாதிரிகள் வந்தவுடன் உள்ளே செல்லும், கையெழுத்து பின்னர் பெறப்படும். அதில் பேராசிரியர் கையெழுத்து இருந்தது. நான்கு மாதம் கழித்துப் புதுச் சொற்பொழிவு: 'ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு சமையலறை: ஒரு புதிய கண்டுபிடிப்பு'. இருபத்துநாலு புள்ளிகள், காகிதம் முழுக்க இறைந்து, அழகாக. நன்றிப் பட்டியலில் பதினொரு பேர். இயந்திரத்தின் மாடல் எண்கூட இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இல்லை. "உங்க பேரு விட்டுப் போச்சே" என்றேன். "புள்ளி சரியா இருக்கா பாரு" என்றார். சரியாகத்தான் இருந்தது. முதல் வீடியோவை மட்டும் யாரும் வாபஸ் வாங்கவில்லை. அது இன்னமும் போன் போனாகப் போய்க்கொண்டிருக்கிறது, எந்தெந்த வீட்டு ஃபிரிட்ஜ்களையோ காலி செய்துகொண்டு.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை காலை, டிப்போவுக்குப் போகிற வழியில் அத்தான் என் அச்சு அறைக்கு வந்தார். கையில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட ஒரு தாள். சாப்பாட்டு டைம் ஷீட்டு: வேளை, நேரம், என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தாமதம், தாமதத்துக்குக் காரணம், கையெழுத்து. ஐம்பது பிரதி வேண்டும் என்றார். மிஞ்சிக் கிடந்த கொம்புச் சர்க்கரைச் சுவரொட்டிகளின் பின்பக்கத்தில் அடித்துக் கொடுத்தேன்.

"கையெழுத்து கட்டம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"அவதான் போடுவா. நான் இல்ல" என்றார்.

அந்த முதல் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அக்காவுக்கு ஆறாவது ஊசியும் முடிந்து, பிடித்துத் தைத்ததையெல்லாம் பிரித்துவிட ஆரம்பித்த பிறகு மீட்டரம்மா கொண்டுவந்து கொடுத்தார். முதல் வரியை அக்கா தன் கையால் நிரப்பியிருக்கிறார். வேளை: காலை. என்ன சாப்பிட்டாள்: இரண்டு முட்டை, ரொட்டி, சர்க்கரை போட்ட டீ. தாமதம்: மூன்று மாதம். காரணம்: என்னை யாரும் கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.